பின்கட்டில் குடியிருப்பவர்களும் மாமன்றமும்: வாசகர் கேள்வி-பதில்

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு அம்மா கலிபோர்னியாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதைப் படித்ததும் கையில் இருந்த வேறு சில கடிதங்களும் அதோடு சேர்ந்தவைதான் என்று தோன்றியது. எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகள் கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். எங்கள் இருவருக்காக வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய வீடு கட்டப் போகிறாளாம். அதற்கு என்ன விதி என்று தேடும்போது அந்த ஊர் நகரமன்றத்தின் 2020ஆம் வருஷக் கூட்டம் வீடியோவாகவே கிடைத்தது, நானும் உட்கார்ந்து பார்த்தேன். கொல்லைப்புற வீட்டுக்கு எத்தனை அடி இடம் விட வேண்டும் என்று வெகுநேரம் பேசிவிட்டு, அடுத்ததாகக் கொரோனாவுக்கு என்ன செய்வது என்று பேசினார்கள். எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டரில்! ஊரே பயந்து கிடக்கும்போது கொல்லைப்புறம் அவ்வளவு முக்கியமா ஐயா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

முக்கியம்தான் அம்மா, அந்த வருஷம் அதைத் தள்ளிப்போடவும் முடியாது. கலிபோர்னியாவில் வீட்டுத் தட்டுப்பாடு நெடுநாள் கதை. பல ஊர்களில் மனைக்கு ஒரு வீடுதான் என்று விதி, அதற்கு மேல் ஒன்று கட்டக் கேட்டால் கார் நிறுத்த இடம் காட்டு, அந்தக் கட்டணம் கட்டு, இந்த அளவு இடம் விடு என்று சொல்லியே ஆளைக் களைப்பாக்கிவிடுவார்கள். மாநில அரசு 2017இல் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல் இன்னும் பலமான சட்டங்கள் வந்தன. அதன்படி பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும், 800 சதுர அடி வரையிலான சின்ன வீட்டை எந்த ஊரும் தடுக்கக் கூடாது, விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், 750 சதுர அடிக்குக் கீழே என்றால் ஊர் வசதிகளுக்காக வாங்கும் வளர்ச்சிக் கட்டணம் கிடையாது, கார் ஷெட்டை வீடாக மாற்றினால் காருக்கு மாற்று இடம் கேட்கக் கூடாது. இதற்கு ஒத்துவராத உள்ளூர் விதி செல்லாமல் போய்விடும். அதனால் ஊருக்கு ஊர் நகரமன்றங்கள் அவசர அவசரமாகத் தங்கள் விதிகளைத் திருத்தி எழுத உட்கார்ந்தன. உட்கார்ந்த நேரம் பார்த்து மார்ச் மாதம் வந்தது. 16ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும், 19ஆம் தேதி மாநிலம் முழுவதிலும் வீட்டிலேயே இருங்கள் என்று உத்தரவு. கூட்டத்தைத் தொலைபேசியிலோ இணையத்திலோ நடத்திக்கொள்ளலாம் என்று ஆளுநர் அனுமதி கொடுத்தார் (அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் போல, மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்). நீங்கள் பார்த்த வீடியோ அப்படி நடந்த கூட்டமாகத்தான் இருக்கும்.

நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இரண்டு மூன்று நிமிடம் பேசியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என் ஜன்னலுக்கு நேரே சுவர் வருகிறது என்பார், இன்னொருவர் தெருவில் கார் நிறுத்த இடமில்லை என்பார், வேறொருவர் என் அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்பார். கலிபோர்னியாவில் 1953லிருந்தே இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே என்னென்ன பேசப் போகிறோம் என்று எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும், பொதுமக்களைப் பேசவும் விட வேண்டும். நோய் வந்ததற்காக அதை அவர்கள் நிறுத்திவிடவில்லை, கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், கொல்லைப்புறமும் கொரோனாவும் தனித்தனி விஷயம் என்று நினைக்காதீர்கள். வயதான பெற்றோர் கூப்பிடு தூரத்தில், ஆனால் தனிச் சமையல், தனிக் கழிப்பறையோடு இருந்த வீடுகளில் அந்த இரண்டு வருஷத்தை எப்படிச் சமாளித்திருப்பார்கள், அது இல்லாத வீடுகளில் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு வீடு கட்டும் மகளுக்கு என் வாழ்த்து. குளியலறையில் கைப்பிடி வைக்கச் சொல்லுங்கள், வாசலில் படி இல்லாமல் சரிவாகக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கொரோனா சமயத்தில் நம் சென்னை மாமன்றம் கூடி இப்படி ஏதாவது விவாதித்ததா? எனக்கு நினைவே வரவில்லை.
- வாசகர், பெரம்பூர்

நினைவு வராததில் ஆச்சரியமில்லை. மாமன்றம் கூடவில்லை, ஏனென்றால் அப்போது மாமன்றமே இல்லை.

1688இல் தொடங்கிய மாநகராட்சி இது, நாட்டிலேயே மிகப் பழையது. 2011இல் ஊர் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, 200 வட்டங்களோடு ஒரு மாமன்றம் வந்தது. அதன் ஐந்து வருஷம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, மறுபடி வழக்கு. கடைசியில் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் சென்னையில் ஓட்டுப் போட்டோம், மார்ச் 4 அன்று ஆர்.பிரியா மேயராகப் பதவியேற்றார். நடுவே ஐந்து வருஷத்துக்கும் மேலாக ஆணையரே தனி அலுவலர், மாமன்றம் செய்ய வேண்டிய வேலையையும் அவரே செய்தார். அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது, மன்றத்தின் காலம் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும். அப்படி எழுதி வைத்தும், நூறாண்டில் ஒருமுறை வருகிற நோய் வந்தபோது 200 வட்டங்களில் ஒன்றுக்குக்கூடக் கவுன்சிலர் கிடையாது.

அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் நடந்தது, வீடு வீடாக வந்து சளி இருக்கிறதா இருமல் இருக்கிறதா என்று கேட்டார்கள், தூய்மைப் பணியாளர்கள் ஒருநாள்கூட நிற்கவில்லை, அம்மா உணவகங்கள் நடந்தன. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கும்போது தெருவில் என்ன நடக்கும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். 2020 ஏப்ரல் 24 அன்று, 26ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் சனிக்கிழமை, காய்கறி வாங்க ஜனம் முண்டியடித்தது நினைவிருக்கும். அடுத்த சில நாளில் கோயம்பேடு சந்தைத் தொற்று தெரியவந்தது, அங்கிருந்து அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை போனது. மே 5 அன்று சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். வாழைக்காய் வியாபாரிக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் அவர்கள் தங்கியிருந்த நெருக்கடியான அறைகளுக்கும் பேச ஒரு கவுன்சிலர் இருந்திருந்தால் எல்லாமே தடுக்கப்பட்டிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் அந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டும், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி நடந்திருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. தொற்று லேசாக இருந்தால் வீட்டிலேயே தனிமையில் இருக்கலாம் என்று விதி வந்தது. யாருக்கு? தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருக்கிறவருக்கு. இல்லாதவரை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் அழைத்துப் போனார்கள். ராயபுரம் மண்டலத்தில் ஆரம்பத்தில் அவ்வளவு தொற்று ஏன் என்று கேட்டால், பத்துக்கு எட்டு அறையில் ஆறு பேர், நான்கு குடித்தனத்துக்கு ஒரு கழிப்பறை என்கிற வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். இந்த நகரத்தில் வீட்டு விதியும் சுகாதார விதியும் ஒன்றுதான். 1939லேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது, நமக்கு இது புதிதாகத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை.

கேள்வி: ஒரு வீட்டின் பின்கட்டில், ஷீட் போட்ட ஒற்றை அறையில் எட்டு வருஷமாக இருக்கிறோம். கழிப்பறை எங்களுக்கும் பக்கத்து அறைக்கும் பொது. கொரோனாவில் பக்கத்து அறைக்காரருக்கு வந்தபோது முன்வாசல் கேட்டில் தகரம் அடித்துவிட்டார்கள். பின்கட்டில் நாங்கள் இருப்பதே யாருடைய லிஸ்டிலும் இல்லை, எங்களுக்குப் பால் பாக்கெட் வாங்கித் தரவும் ஆள் வரவில்லை. இப்போது ஹவுஸ் ஓனர், வாடகை கூட்டுங்கள் இல்லாவிட்டால் காலி செய்யுங்கள் என்கிறார். கரண்டுக்கும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?
- வாசகி, சைதாப்பேட்டை

உண்டு சகோதரி. ஆனால் அது காகிதத்தில் இருந்தால்தான் கை கொடுக்கும். முதலில் ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், பதிவை இணையத்திலேயே செய்யலாம். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. தகராறு வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி உங்களைத் துரத்த முடியாது, அது சட்டப்படி தவறு. காலி செய்ய வைக்கவும் வாடகை நீதிமன்றத்தில் காரணம் காட்டித்தான் கேட்க வேண்டும். உங்களிடம் ஒப்பந்தம் இருப்பதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை, அதனால் முதல் வேலை அதுதான். ஓனரிடம் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். வாடகையில் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கிறோம், பதிலுக்கு எழுதிப் பதிவு செய்துகொள்வோம் என்று கேட்டுப் பாருங்கள். இனி வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள், நீங்கள் அங்கே குடியிருப்பதற்கு அது ஒரு சாட்சி.

கரண்ட் விஷயம் என்னை ரொம்ப வருத்துகிறது. 2016லிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். முன்வீட்டு மீட்டரிலிருந்து சப்-மீட்டர் வைத்து எடுத்தால் அந்தச் சலுகை ஓனரோடு நின்றுவிடும், உங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய். ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு மிக்ஸி வைத்திருப்பவர் ஏசி ஓடும் வீட்டைவிட அதிக ரேட்டில் கட்டுகிறார். உங்களுடையது தனிச் சமையலும் தனி வாசலும் உள்ள தனிக் குடித்தனம் என்றால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் வழக்கமாக ஓனரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். அவர் தர மறுத்தால், நீங்கள் முறையாகக் குடியிருப்பதற்குச் சான்றும் ஒரு உறுதிப் பத்திரமும் கொடுத்துக் கேட்க வழி இருக்கிறது. பின்கட்டு அனுமதி இல்லாமல் கட்டியதாக இருந்தால் அவர் பயப்படுவார். நீங்கள் லிஸ்டில் இல்லாமல் போனதற்கும் வேர் அந்தப் பயம்தான். சொத்து வரி ஏறும், இடிக்கச் சொல்வார்கள் என்று பின்கட்டை மறைக்கிறார்கள். கட்டடம் மறைந்தால் அதில் இருக்கிறவர்களும் மறைந்துவிடுகிறார்கள்.

நீங்கள் சொன்ன தகரத்தை நானும் பார்த்திருக்கிறேன். சவுக்குக் கட்டையை ஊன்றி, நீல நிறத் தகரத்தை ஆணி வைத்து அடித்து, மேலே ஒரு பேனர். உள்ளே யார் யார் என்று அடிக்கிறவருக்குத் தெரியாது, சொல்ல ஆளும் இல்லை. பின்னால் தன்னார்வலர்களை வைத்து மருந்து, காய்கறி வாங்கிக் கொடுக்க மாநகராட்சி ஏற்பாடு செய்தது, அது நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்கள் கையில் இருந்ததும் கதவு எண்கள்தான். பின்கட்டுக்குக் கதவு எண் கிடையாதே.

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உங்கள் தெருவில் யாராவது வந்து அதைச் சொன்னார்களா? கலிபோர்னியாவில் அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில் ஒரு சட்டம் வந்தது. நோயால் வருமானம் போனவர், செப்டம்பர் முதல் வரும் வாடகையில் நான்கில் ஒரு பங்கை 2021 ஜனவரி கடைசிக்குள் கட்டிவிட்டால், மீதிக்காக அவரை வெளியேற்ற முடியாது, மீதி கடனாக நிற்கும். அங்கேயும் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் எவ்வளவு, எதுவரை, எந்த நீதிமன்றம் என்று அதில் எழுதியிருந்தது. நமக்கு வந்தது ஒரு வேண்டுகோள் மாதிரியான உத்தரவு.

கேள்வி: கொளத்தூரில் ஒரு கிரவுண்ட் மனை. முன்னால் தரைத்தளம் மட்டும் இருக்கிறது, பழைய பிளான் அப்ரூவல் உண்டு. பின்னால் அப்பா அம்மாவுக்கு 350 சதுர அடியில் ஒரு சின்ன வீடு. 'சின்னதுதானே, ஷீட் போட்டுக் கட்டிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்' என்கிறார் மேஸ்திரி. சரியா?
- வாசகர், கொளத்தூர்

சரியில்லை. உங்கள் மனையில் இடம் தாராளமாக இருக்கிறது, முறையாகவே கட்டலாம், அப்படியிருக்க ஏன் ஒளிந்து கட்ட வேண்டும்? 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 4,800 வரை கணக்கில் வரும். முன்வீடும் பின்வீடும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. அதனால் பரப்பு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, பிரச்சினை செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலி இடம். முன்னால் எவ்வளவு விடுவது என்பது தெரு அகலத்தைப் பொறுத்தது, பக்கத்தில் எவ்வளவு என்பது உயரத்தைப் பொறுத்தது. பின்சுவரோடு ஒட்டிக் கட்டினால் அனுமதி கிடைக்காது. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி போன்ற தொடர் கட்டடப் பகுதிகளில் சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்துவிட்டு கொளத்தூரில் அதே மாதிரி கேட்காதீர்கள்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், தரையும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. ஏற்கெனவே வீடு நிற்கிற மனையில் கூடுதலாகக் கட்டுவதற்கு எந்த வழியில் போவது என்பதைப் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் பழைய பிளானைக் காட்டிக் கேட்டுவிட்டு இறங்குங்கள். மேஸ்திரி சுவர் எழுப்புவதில் கெட்டிக்காரராக இருக்கலாம், இந்த விஷயத்தில் அவரை நம்ப வேண்டாம்.

ஷீட் வேண்டாம், தயவுசெய்து. மே மாதம் மத்தியானம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எழுபது வயதுக்காரரை உட்கார வைக்கிற பாவம் நமக்கு வேண்டாம். காங்கிரீட் போட்டு மேலே வெள்ளை அடியுங்கள். எதிரெதிராக இரண்டு ஜன்னல் வையுங்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் திரும்புகிற அளவுக்குப் பக்கவாட்டு வழி இருக்கட்டும், அதில் பைக் நிறுத்தாதீர்கள். கழிவுநீரை முன்வீட்டு லைனில் சேர்க்கும்போது சாய்வு சரியா என்று பார்த்துச் சேருங்கள், மழைநீர்க் குழாயை அதில் விட்டுவிடாதீர்கள், டிசம்பரில் எல்லாம் பின்வாங்கி வீட்டுக்குள் வரும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் செட்பேக்கில் ஷீட் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார். யாரிடம் புகார் செய்வது?
- வாசகர், திருவொற்றியூர்

1913க்குப் போன் செய்யுங்கள், அல்லது நம்ம சென்னை செயலியில் படத்தோடு போடுங்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை. புகாரில் அங்கே ஆள் குடியிருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். இடித்தால் முதலில் தெருவுக்கு வருவது ஓனர் அல்ல. தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லை, கழிவுநீர் உங்கள் பக்கம் வழிகிறது என்பது போன்ற ஆபத்து இருந்தால் உடனே செய்யுங்கள். வெறும் மனஸ்தாபம் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி: பின்கட்டு வீடுகளை முறைப்படுத்த வேண்டும், அடுத்த தொற்று வருவதற்குள் வார்டு வாரியாகக் கணக்கு எடுக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். என்னைப் போன்ற சாதாரண ஆள் இதை எங்கே பேச முடியும்?
- வாசகி, மடிப்பாக்கம்

பேச இடம் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று முதல் தடவையாக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது, ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்து, அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் வந்து பேசலாம். வருகிற கூட்டம் குறைவு. பேசுகிறவர்களும் குப்பை, தெருவிளக்கு, நாய் என்றே பேசுகிறார்கள். அவையும் வேண்டியவைதான். நீங்கள் போய் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

என்ன கேட்பது என்றால் என் கருத்தைச் சொல்கிறேன். பின்கட்டிலும் மொட்டை மாடியிலும் இருக்கிற ஒற்றை அறைக் குடித்தனங்களை இடிக்காமல் கணக்கெடுக்க வேண்டும். தனிக் கழிப்பறை, ஜன்னல், வெளியே போக வழி இந்த மூன்றும் இருந்தால் அல்லது குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டிக்கொடுத்தால் அனுமதி, உட்பிரிவுக் கதவு எண், தனி மின் இணைப்பு. முதல் சில வருஷத்துக்கு அந்தப் பகுதிக்கு மட்டும் வரியைக் கூட்டாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஓனரும் முன்வர மாட்டார். கட்டட விதி மாநில அரசின் கையில், வரியும் அரசைக் கேட்காமல் முடியாது. ஆனால் மாமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பலாம், சுகாதாரக் கணக்கெடுப்பைத் தானே நடத்தலாம். இதற்கு எதிர்ப்பும் வரும், ஏற்கெனவே தண்ணீரும் சாக்கடையும் தாங்காத தெருவில் இன்னும் ஆள் சேர்ப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், அவர்களைச் சேர்க்காமல் போட்ட பைப் கணக்குத்தான் இப்போது தாங்காமல் இருக்கிறது.

பேசினால் மட்டும் போதாது, நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எழுதிக் கொண்டுபோய் ஒரு பிரதியில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அது என்ன ஆயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். இப்போதைய மாமன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது, ஐந்து வருஷத்துக்குத்தான். மறுபடி ஒரு இடைவெளி விழாமல் தேர்தல் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்பதையும் அதே மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.